எட்டுத் தொகுதி, எட்டுப் புழு

கேள்வி இதுதான்: பதினொன்றாம் வகுப்பு விலங்கியலில் விலங்குத் தொகுதிகளை ஒப்பிடும் அட்டவணை வருகிறது. சமச்சீர், கரு அடுக்கு, உடற்குழி, கண்டம், ரத்த ஓட்டம், கழிவுநீக்கம் என்று கட்டம் கட்டமாக இருக்கிறது. படித்த இரண்டு நாளில் எல்லாம் கலந்துவிடுகிறது. நாடாப்புழு, நாக்குப்பூச்சி, மண்புழு மூன்றும் புழுதானே, ஏன் மூன்று தொகுதி? இதை எப்படி ஒப்பிட்டு மனதில் வைத்துக்கொள்வது?

அட்டவணை குழப்புகிறது என்றால் உங்கள் ஞாபகசக்தியைக் குறை சொல்லாதீர்கள். கடற்பஞ்சையும் கரப்பான்பூச்சியையும் யானையையும் அடுத்தடுத்து வைத்தால் கண் உருவத்திலேயே நின்றுவிடும், உள்ளே போகாது. அதனால் நான் வேறு ஒரு வழி சொல்வேன். உருவத்தை மாற்றாதீர்கள். ஒவ்வொரு தொகுதியிலும் புழு மாதிரி இருக்கிற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் வெள்ளரிக்காயை வட்டமாக நறுக்குகிற மாதிரி ஒவ்வொன்றையும் குறுக்கே வெட்டியதாக நினைத்து, வெட்டுமுகத்தைப் பாருங்கள். பாடப்புத்தகத்தில் வரும் பதினொரு தொகுதிகளில் எட்டில் இப்படி ஒரு 'புழு' கிடைக்கும்.

தமிழ் இதற்கு ரொம்ப வசதி. நீளமாக நெளிகிற எதுவும் நமக்குப் புழு, இல்லாவிட்டால் அட்டை. மலைக்காட்டில் காலில் ஏறி ரத்தம் குடிப்பது அட்டை. மழைக்காலத்தில் சுவரோரம் ரயில் மாதிரி போவது மரவட்டை. பாக் நீரிணையின் அடிமணலில் கிடப்பது கடல் அட்டை. முதலாவது வளைத்தசைப்புழு, இரண்டாவது கணுக்காலி, மூன்றாவது முட்தோலி. பெயரில் ஒன்றாக இருந்தாலும், கடல் அட்டைக்கு மற்ற இரண்டு அட்டைகளைவிட நாம்தான் நெருங்கிய சொந்தம். எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் நாடாப்புழு. இது தட்டைப்புழுத் தொகுதி. குறுக்கே வெட்டினால் வட்டம் கிடைக்காது, மெல்லிய பட்டைதான் கிடைக்கும். அந்தப் பட்டைக்குள் காலி இடமே இல்லை. தோலுக்கும் உறுப்புகளுக்கும் நடுவில் பஞ்சு போன்ற திசு அடைத்துக் கிடக்கிறது. உடற்குழி அற்றவை என்று புத்தகம் சொல்வது இதைத்தான். ரத்தக்குழாய் கிடையாது, இதயம் கிடையாது, செவுளும் கிடையாது. உள்ளே போகவேண்டிய எதுவும் ஊறித்தான் போகவேண்டும். அப்படி ஊறிப் போகும் தூரத்துக்கு ஒரு எல்லை உண்டு. சுமாராக ஒரு மில்லிமீட்டர். உடம்பு அதைவிடத் தடிமனானால் நடுவில் இருக்கிற செல் பட்டினி கிடக்கும். நீளத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. மாட்டிறைச்சி வழியாக வரும் நாடாப்புழு பல மீட்டர் வளர்ந்துவிடும், ஆனால் தட்டையாகவேதான் வளரும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். உடற்குழி இல்லை, ரத்த ஓட்டம் இல்லை, சுவாச உறுப்பு இல்லை, உருவம் தட்டை என்று அட்டவணையில் நான்கு கட்டங்கள் இருக்கும். நீங்கள் நான்கையும் தனித்தனியாக மனப்பாடம் செய்கிறீர்கள். அவை ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வருபவை. ஒன்று தெரிந்தால் மற்ற மூன்றையும் யோசித்தே சொல்லிவிடலாம். நல்ல அட்டவணை எல்லாம் இப்படித்தான், கட்டத்துக்குக் கட்டம் காரணம் ஓடும். புத்தகம் அதை மட்டும் அச்சிடுவதில்லை.

நாடாப்புழுவுக்குக் குடலும் கிடையாது. நாம் செரித்துவைத்த உணவுக்குள்ளேயே படுத்திருப்பதால் அதன் தோலே குடல் வேலையைப் பார்க்கிறது. குளத்தில் வாழும் பிளனேரியா என்ற தட்டைப்புழுவுக்குக் குடல் உண்டு, ஆனால் வாசல் ஒன்றுதான். சாப்பிட்ட வழியாகவே எச்சம் வெளியே வரும். கழிவுநீக்கத்துக்குச் சுடர் செல்கள். செல்லுக்குள் குறுயிழைக் கற்றை அகல் விளக்கின் திரிச்சுடர் மாதிரி ஆடுவதால் அந்தப் பெயர். நாடாப்புழுவின் துண்டு துண்டான உடம்பைப் பார்த்துக் கண்டங்கள் என்று எழுதிவிடாதீர்கள். கழுத்திலிருந்து ஒவ்வொன்றாக முளைத்துப் பின்னால் தள்ளப்படும் முட்டைப் பைகள் என்றே அவற்றைச் சொல்லலாம்.

அடுத்தது நாக்குப்பூச்சி, அதாவது அஸ்காரிஸ். பள்ளியில் கொடுக்கிற பூச்சி மாத்திரை இதை வெளியேற்றத்தான். உருளைப்புழு என்ற பெயருக்கு ஏற்ப வெட்டுமுகம் சுத்தமான வட்டம். வட்டத்தின் ஓரத்தில் கெட்டியான மேற்தோல், அதன் உட்பக்கம் தசை, நடுவில் தட்டையாகக் குடல், குடலுக்கும் தசைக்கும் இடையில் திரவம் நிறைந்த வெளி. ஆய்வகத்தில் இதை வெட்டும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். ஊசி பட்டதும் உள்ளே இருக்கிற திரவம் பீச்சியடிக்கும், அவ்வளவு அழுத்தம். சைக்கிள் டியூப் மாதிரி, அந்த அழுத்தம்தான் எலும்பில்லாத அந்த உடம்பை விறைப்பாக வைத்திருக்கிறது.

இந்த வெளியைப் பொய் உடற்குழி என்கிறார்கள். பொய் என்றால் இல்லாதது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். குழி நன்றாகவே இருக்கிறது. கருவின் மூன்று அடுக்குகளில் நடு அடுக்கிலிருந்து வரும் தசை உடல்சுவரின் பக்கம் மட்டும் ஒட்டியிருக்கிறது, குடலின் பக்கம் இல்லை, குறை அவ்வளவுதான். அதன் விளைவு என்ன? குடலுக்குச் சொந்தமாகத் தசை இல்லை. அதன் சுவர் ஒரே ஒரு செல் அடுக்கு. தொண்டை பம்ப் மாதிரி இழுத்துத் தள்ளுவதும் உடம்பு நெளிவதும்தான் உணவை நகர்த்துகின்றன. உடல்சுவரிலும் நீளவாக்குத் தசை மட்டுமே உண்டு, வளையத் தசை கிடையாது. அதனால் மண்புழு மாதிரி நீண்டு சுருங்க இதனால் முடியாது, பாம்பு மாதிரி வளைந்து வளைந்து துடிக்கத்தான் முடியும். இருந்தாலும் ஒரு பெரிய முன்னேற்றம் உண்டு: வாய் ஒரு பக்கம், மலத்துளை மறுபக்கம். சாப்பிட்டுக்கொண்டே செரிக்கலாம்.

நாக்குப்பூச்சியின் இனத்தான் ஒன்று மண்ணில் வாழ்கிறது. சீனோராப்டைடிஸ் எலிகன்ஸ், ஒரு மில்லிமீட்டர் நீளம். அதன் இருபால் உயிரியின் உடலில் இருப்பவை 959 செல்கள், எந்தப் புழுவை எடுத்தாலும் அதே 959 (இனச்செல்கள் கணக்கில் இல்லை). நம் உடம்பை அப்படி எண்ண முடியுமா?

மண்புழுவுக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும், ஏனென்றால் நம் உடம்புக்கான அடிப்படைக் கணக்கு இங்கே தெளிவாகத் தெரிகிறது. நம் ஊர் ஆய்வகங்களில் பார்க்கும் லாம்பிடோ மாரிட்டியை மெழுகுத் தட்டில் முதுகு மேலே இருக்கும்படி வைத்து, நடுக்கோட்டில் லேசாகக் கத்தரித்து, தோலை இரண்டு பக்கமும் விரித்துக் குண்டூசி குத்துவோம். தோல் சுலபமாக விரியாது. ஒவ்வொரு வளையத்துக்கும் உள்ளே ஒரு மெல்லிய தடுப்புச்சுவர் குடலைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஊசி முனையால் ஒவ்வொன்றாக அறுத்துவிட்டால்தான் தோல் படியும். அந்தப் பிடிவாதத்தைக் கையில் உணர்ந்தவர்களுக்குக் கண்டம் என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. வெளியே தெரியும் கோடுகள் உள்ளேயும் அறை அறையாகத் தொடர்கின்றன. லாம்பிடோவில் அப்படி 165 முதல் 190 அறைகள் வரை இருக்கும்.

வெட்டுமுகத்தில் தெரிவது குழாய்க்குள் குழாய். வெளிக்குழாயின் உட்பக்கமும் உள்குழாயின் வெளிப்பக்கமும் நடு அடுக்கின் சவ்வு பூசியிருக்கிறது. இதுதான் உண்மையான உடற்குழி. நாக்குப்பூச்சியில் இல்லாதது இங்கே வந்துவிட்டது: குடலுக்குச் சொந்தத் தசை. உடம்பு என்ன செய்துகொண்டிருந்தாலும் குடல் தன் வேலையைத் தனியாகப் பார்க்கும். பஸ்ஸுக்கு ஓடும்போதும் காலையில் சாப்பிட்ட இட்லி உங்களைக் கேட்காமலேயே நகர்வது இந்த ஏற்பாட்டால்தான். உடல்சுவரிலும் இரண்டு வகைத் தசை உண்டு. வளையத் தசை இறுகினால் அந்த அறை மெலிந்து நீளும், நீளவாக்குத் தசை இறுகினால் குண்டாகிக் குறுகும். ஒவ்வொரு அறையும் தனித் தண்ணீர்ப் பை என்பதால் முன்பக்கம் நீளும்போதே பின்பக்கம் குறுகலாம். ஈர மண்ணைத் துளைத்துப் போக இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

உடம்பு தடித்துவிட்டதால் ஊறிப் போவது போதாது, ரத்தக்குழாய் வேண்டும். மண்புழுவின் ரத்தம் குழாயை விட்டு வெளியே வராத மூடிய வகை. நிறம் சிவப்பு, ஹீமோகுளோபின்தான். ஆனால் நமக்கு அது செல்லுக்குள் இருக்கிறது, மண்புழுவுக்குப் பிளாஸ்மாவிலேயே கரைந்திருக்கிறது. கழிவுநீக்கத்துக்கு நெஃப்ரீடியங்கள் என்ற நுண்குழல்கள். நரம்புவடம் வயிற்றுப் பக்கம் ஓடுகிறது. இதை மறக்காதீர்கள், இறாலைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

ரத்தம் குடிக்கும் அட்டையும் இதே தொகுதி. கண்டங்கள் 33, வெளியே தெரியும் வளையங்கள் அதைவிட அதிகம். உள்ளே தடுப்புச்சுவர் மறைந்துவிட்டது. ஒரே வேளையில் தன் எடையைப் போலப் பல மடங்கு ரத்தம் குடித்து ஊதுகிற உடம்புக்கு அறை அறையாக இருந்தால் சரிப்படுமா?

மரவட்டையிலும் வளையங்கள் உண்டு. அதைப் பார்த்துத்தான் பிரான்சின் விலங்கியலாளர் கூவியே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மண்புழு வகையையும் பூச்சி வகையையும் ஒரே பெரும்பிரிவில் வைத்தார். வெட்டிப் பார்த்தால் ஒற்றுமை சீக்கிரம் தீர்ந்துவிடும். வெளியே கைட்டின் கவசம். உண்மையான உடற்குழி சுருங்கி ஓரிரு உறுப்புகளுக்குள் ஒடுங்கிவிட்டது. இப்போது உள்ளே இருக்கிற பெரிய வெளி ரத்தக்குழி. முதுகுப் பக்கக் குழாய் இதயம் ரத்தத்தை அதில் கொட்டுகிறது, உறுப்புகள் அதில் நனைந்தபடி இருக்கின்றன. இது திறந்த வகை ரத்த ஓட்டம். இவ்வளவு மந்தமான ஓட்டத்தை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிக்கிறது? காற்றைச் சுமக்கும் வேலை பெரும்பாலும் ரத்தத்துக்கு இல்லை. பக்கத் துளைகளிலிருந்து மூச்சுக்குழல்கள் கிளைத்துத் திசு வரை காற்றை நேராகக் கொண்டுபோகின்றன. கழிவுக்கு மால்பிஜியன் குழல்கள். கவசம் வளராது என்பதால் அவ்வப்போது தோலுரிக்கவேண்டும். மரவட்டையின் பெரும்பாலான வளையங்கள் இரண்டிரண்டு கண்டங்கள் ஒட்டியவை, அதனால்தான் அவற்றில் வளையத்துக்கு இரண்டு ஜோடிக் கால். ஆஸ்திரேலியாவில் ஆழ்துளையிலிருந்து எடுத்து 2021-ல் விவரிக்கப்பட்ட ஒரு மரவட்டைக்கு 1,306 கால்கள்.

மெல்லுடலிகளில் புழுவா என்று கேட்பீர்கள். மரக்கலங்களை அரித்துத் தின்னும் கப்பல்புழு இருக்கிறதே, அது சிப்பியின் சொந்தம். புழு மாதிரி நீண்ட உடம்பின் முன்னுனியில் இரண்டு குட்டி ஓடுகள் இருக்கும், அவற்றால்தான் மரத்தைக் குடைகிறது. ஓடு மூடிக் காப்பாற்றும் வேலையை விட்டுவிட்டு அரம் ஆகிவிட்டது. இந்தத் தொகுதியின் அடையாளம் ஓடு என்று எழுதுவதைவிட, ஓட்டைச் சுரக்கும் மேன்டில் என்கிற போர்வைத் தோல் என்று எழுதுவது சரி. ஓட்டுக் கணவாயில் ஓடு உள்ளே போய்விட்டது (லவ்பேர்ட்ஸ் கூண்டில் மாட்டுகிற கடல் நுரை அதுதான்), ஊசிக் கணவாயில் கண்ணாடி மாதிரி ஒரு தகடாக மெலிந்துவிட்டது, பேய்க் கணவாய் என்கிற ஆக்டோபஸில் கிட்டத்தட்டக் காணவே காணோம். மேன்டில் எல்லாவற்றிலும் இருக்கிறது.

கடல் அட்டையை வெட்டினால் கதை வேறு. தோலின் உட்பக்கம் ஐந்து தசைப் பட்டைகள், ஐந்தும் ஒரே இடைவெளியில். நட்சத்திர மீனின் ஐந்து கைகளையும் மேலே தூக்கி ஒன்றாக ஒட்டி, அதை நீட்டிப் பக்கவாட்டில் படுக்கவைத்தால் கடல் அட்டை. ஐந்து என்ற கணக்கு எங்கேயும் போகவில்லை, படுத்த நிலையில் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். வேறு எந்தத் தொகுதியிலும் இல்லாத நீர்க்குழாய் மண்டலம் இங்கே உண்டு. நீரழுத்தத்தால் நீண்டு சுருங்கும் குழாய்க்கால்களை அதுதான் இயக்குகிறது. வாயைச் சுற்றியிருக்கும் உணர்கொம்புகளும் உருமாறிய குழாய்க்கால்களே. மூளை இல்லை, நரம்பு வளையம்தான். மூச்சு? மலத்துளை வழியாக நீரை உள்ளே இழுத்து, மரக்கிளை போல விரிந்த உறுப்பில் நிரப்பி வெளியே விடுகிறது.

முள்ளே இல்லாத இதற்கு முட்தோலி என்று பெயரா என்று ஒரு மாணவர் கேட்டார். தோலில் ஒரு துணுக்கை எடுத்துத் துணி வெளுக்கும் பிளீச் திரவத்தில் போட்டோம். சதை கரைந்ததும் அடியில் தூசு மாதிரி படிந்ததை நுண்ணோக்கியில் வைத்தோம். சின்னச் சின்ன மேசைகள், ஓட்டை போட்ட சட்டைப் பொத்தான்கள், எல்லாம் சுண்ணாம்பில். நட்சத்திர மீனில் தகடுகளாக இறுகி நிற்கும் அதே அகச்சட்டகம் இங்கே பொடியாகச் சிதறிக் கிடக்கிறது. எந்த இனம் என்று கண்டுபிடிப்பதும் இந்த மேசை, பொத்தான்களின் வடிவத்தை வைத்துத்தான். (நீங்கள் கடற்கரையில் எடுத்து முயன்று பார்க்காதீர்கள். 2001 முதல் இந்தியாவில் கடல் அட்டை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, பிடித்தால் வழக்கு. நாங்கள் பார்த்தது ஆய்வகத்தின் பழைய மாதிரி.)

இப்போது அந்த உறவு விஷயம். கருவில் முதலில் ஒரு துளை உண்டாகும். மண்புழு, சிப்பி, பூச்சி வகைகளில் பெரும்பாலும் அந்தப் பக்கம் வாய் வரும். கடல் அட்டைக்கும் நமக்கும் அந்தப் பக்கம் மலத்துளை வருகிறது, வாய் பிறகு தனியாகத் திறக்கிறது. கடல் அட்டையின் இளம்பருவமும் நம்மைப் போல இருபக்கச் சமச்சீர்தான். ஐந்து பின்னால் வந்து சேர்ந்த கணக்கு.

அரைநாணிகளை வேகமாகக் கடந்துவிடலாம். மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவைப் பற்றி விலங்கியல் மாணவர்கள் கேள்விப்படுவதே பாலனோகிளாசஸ் என்ற புழுவால்தான். மணலில் வளை தோண்டி வாழும் இதற்கு புரோபோசிஸ் என்கிற முன்முனை, கழுத்துப்பட்டை, உடல் என்று மூன்று பகுதிகள். தொண்டையில் செவுள் பிளவுகள் இருப்பதுதான் முக்கியம். புழுவின் உடம்பில் மீனின் அடையாளம் ஒன்று.

எட்டாவது, முதுகுநாணிகளின் புழு, பூந்தொட்டியில் கிடைக்கும். தொட்டி மாற்றும்போது மண்புழு என்று ஒன்றை எடுத்துக் கையில் வைத்தேன். ஈரமே இல்லை, வழவழவென்று பளபளத்தது, குனிந்து பார்த்தால் நூல் மாதிரி நாக்கை நீட்டியது. புழுப்பாம்பு. சிலர் செவிட்டுப் பாம்பு என்பார்கள். விஷம் இல்லை. மண்புழு நீண்டு சுருங்கும். இது நீளத்தை மாற்றாமல் பக்கவாட்டில் மட்டும் வளையும், உள்ளே முதுகெலும்பு இருப்பதால். வெட்டுமுகத்தில் மேலே முதுகெலும்பு, அதற்குள் உள்ளீடற்ற குழாயாக நரம்புவடம், குடல் அடியில்.

மேல், கீழ் ஏன் முக்கியம் என்பதைச் சமையலறையில் பார்த்துவிடலாம். இறாலைச் சுத்தம் செய்யும்போது முதுகைக் கீறி ஒரு கறுப்பு நூலை உருவுகிறோம். வீட்டில் நரம்பு என்பார்கள். அது குடல். உண்மையான நரம்புவடம் அடியில், வயிற்றுப் பக்கம் வெள்ளையாக ஓடுகிறது, அதை யாரும் எடுப்பதில்லை. மீனைச் சுத்தம் செய்யும்போது குடலுக்காக வயிற்றைக் கீறுகிறோம், நரம்புவடம் முதுகுமுள்ளுக்குள் இருக்கிறது. கத்தி போகும் பக்கமே மாறுகிறது. 1822-ல் பிரெஞ்சு விலங்கியலாளர் ழெஃப்ருவா செயின்ட்-ஹிலேர் இதைச் சிங்கி இறாலில் பார்த்துவிட்டு, முதுகெலும்பிகள் மல்லாக்கத் திரும்பிய கணுக்காலிகள் என்கிற மாதிரி சொன்னார். கூவியே ஏற்கவில்லை, 1830-ல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் இருவருக்கும் பெரிய வாக்குவாதமே நடந்தது. 1990-களில் பழ ஈயில் வயிற்றுப் பக்கத்தை நரம்புக்கு ஒதுக்கும் மரபணுவும் தவளைக் கருவில் முதுகுப் பக்கத்தை நரம்புக்கு ஒதுக்கும் மரபணுவும் ஒன்றுக்கொன்று சமமானவை என்று தெரிந்தபோது, ழெஃப்ருவாவைக் கேலி செய்ய முடியாமல் போயிற்று.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. உடற்குழி இல்லை, பொய்க்குழி, உண்மைக்குழி என்று அட்டவணை மாடிப்படி மாதிரி தெரியும். பரீட்சையில் அந்த வரிசையில்தான் எழுதவேண்டும், எழுதுங்கள். ஆனால் ஒன்றிலிருந்து ஒன்று ஏறி வந்ததாக நம்பவேண்டாம். 1997-ல் மரபணு வரிசைகளை ஒப்பிட்டவர்கள் தோலுரிக்கும் விலங்குகளை எல்லாம் ஒரே கிளையில் சேர்த்தார்கள். அதன்படி மரவட்டைக்கு நெருங்கியது நாக்குப்பூச்சி, வளையம் வளையமாக இருக்கும் மண்புழு இல்லை. மண்புழு சிப்பியின் கிளையில் இருக்கிறது, தட்டைப்புழுவும் அந்தப் பக்கம்தான். வளையங்கள் இரண்டு இடத்தில் தனித்தனியாக வந்திருக்கலாம்.

மிச்சம் மூன்று தொகுதிகள்: துளையுடலிகள், குழியுடலிகள், சீப்பு ஜெல்லிகள். கடற்பஞ்சுக்குத் திசுவே சரியாக உருவாகவில்லை. 1907-ல் வில்சன் என்ற விலங்கியலாளர் அதைப் பட்டுத்துணியில் பிழிந்து செல் செல்லாகப் பிரித்தார். பிரிந்தவை மறுபடி கூடிக் கடற்பஞ்சாயின. குழியுடலிகளுக்கு இரண்டே அடுக்கு, நடுவில் கூழ், ஒரு வாசல், கொட்டும் செல்கள். முன், பின் என்று இல்லாமல் எல்லாப் பக்கமும் ஒன்றாக இருக்கிற உடம்பில் புழு எப்படி வரும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

நன்னீரில் வாழும் பிரையோசோவா வகைச் சிற்றுயிரிகளுக்குள் பட்டன்புரோக்கியா என்று ஓர் ஒட்டுண்ணி நெளிந்துகொண்டிருக்கும். குடல் இல்லை, நரம்பு இல்லை, நீளவாக்கில் தசை மட்டும் உண்டு. நாக்குப்பூச்சி வகையோ என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள். 2007-ல் அதன் மரபணுக்களைப் பார்த்தபோது குழியுடலி என்று தெரிந்தது. அதைக் குறுக்கே வெட்டினால் நான்கு தசைக் கட்டுகள், நான்கு பக்கமும் ஒரே மாதிரி. ஜெல்லி மீனைக் கவிழ்த்துப் பார்த்தாலும் அதே நான்குதான்.